விளையாட்டுப் பக்கத்தை மூடுவது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் பாண்டி உப்பளம் மைதானத்திலும் பதினெட்டு வருடம் நோட்டும் பேனாவுமாக நின்றவன் நான். ஒரு நாளிதழில் பகுதி நேர நிருபர். மாவட்டச் செய்தியோடு விளையாட்டும் என் தலையில்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2026 பிப்ரவரியில் தன் விளையாட்டுப் பிரிவை மூடியது. அன்றிலிருந்து காலை நடைக்கு வருகிறவர்கள், பயிற்சியாளர்கள், இதழியல் படிக்கிற பிள்ளைகள் எனப் பலரும் ஒரே கேள்விகளைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

வாஷிங்டன் போஸ்ட்டில் என்னதான் நடந்தது?

அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2013-இல் அந்தப் பத்திரிகையை கிரஹாம் குடும்பத்திடமிருந்து 25 கோடி டாலருக்கு வாங்கினார். தொடக்கத்தில் நன்றாகவே போனது. ஆட்களை எடுத்தார்கள், இணையத்தில் சந்தாதாரர்கள் கூடினார்கள். பிறகு சரிவு தொடங்கியது; 2023-இல் மட்டும் 7.7 கோடி டாலர் நட்டம். 2024 அக்டோபரில், அதிபர் தேர்தலில் யாருக்கும் ஆதரவு தெரிவித்துத் தலையங்கம் எழுதப் போவதில்லை என்று முடிவானது. எழுதி வைத்திருந்த தலையங்கத்தை முதலாளி நிறுத்திவிட்டார் என்ற கோபத்தில் சில நாட்களுக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள் சந்தாவை ரத்து செய்தார்கள். 2026 பிப்ரவரி 4 அன்று ஊழியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை வீட்டுக்கு அனுப்பினார்கள். விளையாட்டுப் பிரிவு அதுவரை இருந்த வடிவில் இனி இல்லை என்றார்கள். குளிர்கால ஒலிம்பிக் தொடங்க இரண்டே நாள் இருந்தது.

எத்தகைய பிரிவு அது என்று தெரிந்தால்தான் இழப்பு புரியும். ஷெர்லி போவிச் என்பவர் 1920-களில் அங்கே சேர்ந்து 1998-இல் இறக்கும்வரை எழுதினார். வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்து அணியின் அன்றைய முதலாளி கறுப்பின வீரர்களைச் சேர்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். போவிச் அவரைப் பெயர் சொல்லி, வருடக்கணக்கில் விடாமல் எழுதினார். 1962-இல்தான் அந்த அணியின் கதவு திறந்தது. அந்த லீகில் கடைசியாகத் திறந்த கதவு அது. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 2020-இல், அதே அணியின் அலுவலகத்தில் பெண் ஊழியர்களுக்கு நடந்த பாலியல் தொல்லைகளை வெளியே கொண்டுவந்ததும் இதே பத்திரிகைதான். விசாரணைகள் வந்தன. 2023-இல் அணியின் அப்போதைய முதலாளி அதை 605 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார்.

பெசோஸிடம்தான் பணம் கொட்டிக் கிடக்கிறதே, நட்டத்தைத் தாங்கக் கூடாதா?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது. தாங்க முடியும். அவருடைய சொத்து மதிப்பு 20,000 கோடி டாலருக்கும் மேல். அதற்கு முன் 7.7 கோடி நட்டம் என்பது, ஏக்கர் கணக்கில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர் வாசலில் சிந்திய நான்கு கொட்டை.

ஆனால் இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. கோயில் திருப்பணிக்குக் கொடுப்பது மாதிரி பத்திரிகைக்கும் பணக்காரர் கொடுத்துக்கொண்டே இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். வாங்குகிற அன்று அவரும் அப்படித்தான் பேசுவார். பொதுச் சொத்து, ஜனநாயகம், அடுத்த தலைமுறை என்பார். அந்தப் பேச்சு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவரைக் கட்டுப்படுத்துகிற எழுத்து எதுவும் இல்லை. மனம் மாறினால் தடுக்க யாரும் இல்லை. பழைய குடும்ப முதலாளிகளுக்குப் பத்திரிகைதான் பிழைப்பு. அது கெட்டால் வீடு கெடும். பெருங்கோடீஸ்வரருக்கோ பத்து கம்பெனிகளில் இது ஒன்று. மீதி ஒன்பதுக்கும் அரசாங்கத்தின் தயவு வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், அனுமதி வேண்டும். எந்தக் கம்பெனியால் மற்றதற்குத் தொந்தரவு வருகிறதோ அதுதான் முதலில் மெலியும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2022 முதல் அமெரிக்கக் கால்பந்தின் வியாழக்கிழமை ஆட்டங்களை ஒளிபரப்பும் தனி உரிமை அமேசானிடம் இருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் கொடுக்கிறார்கள். 2025 முதல் கூடைப்பந்து லீக் ஆட்டங்களில் ஒரு பகுதியும் அவர்களிடம் வந்திருக்கிறது. விளையாட்டைக் காட்டுவதற்கு ஒரு கை கோடிகளைக் கொட்டுகிறது. விளையாட்டைக் கேள்வி கேட்ட பக்கத்தை இன்னொரு கை மூடுகிறது. பெசோஸ் கணக்குப் போட்டுத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துக் கைகள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஒரு பத்திரிகையில் மட்டும்தானா?

இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2022-இல் தி அத்லெடிக் என்ற விளையாட்டு இணையதளத்தை 55 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் சொந்த விளையாட்டுப் பிரிவைக் கலைத்துவிட்டு அந்தத் தளத்தின் செய்திகளையே போடத் தொடங்கியது. அங்கே முதலாளி பெருங்கோடீஸ்வரர் இல்லை, பத்திரிகை லாபத்திலும் இருந்தது. ஆகவே பணக்கார முதலாளி மட்டுமே காரணம் என்று சொன்னால் அது அரை உண்மைதான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸின் கதை எனக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. மருத்துவரும் பெரும் பணக்காரருமான பேட்ரிக் சூன்-ஷியாங் 2018-இல் 50 கோடி டாலருக்கு அதை வாங்கினார். 2023-இல் ஸ்கோர் பட்டியலையும் புள்ளிப் பட்டியலையும் அச்சிடுவதை நிறுத்தினார்கள். பக்கங்களை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நேரம் முன்னுக்குப் போய்விட்டதால் இரவு ஆட்டம் மறுநாள் காகிதத்தில் வர வழியில்லை. 2024 ஜனவரியில் நூறு பேருக்கு மேல் வேலை போனது. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழோ பெயரை மட்டும் வாடகைக்கு விடுகிற கம்பெனியிடம் 2019-இல் போய்ச் சேர்ந்தது. இல்லாத மனிதர்களின் படத்தையும் பெயரையும் போட்டு அதன் தளத்தில் கட்டுரைகள் வந்தது 2023-இல் அம்பலமானது.

நம் நாட்டிலும் சாவு உண்டு. சென்னையிலிருந்து இந்து குழுமம் நடத்திய ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் இதழ் 1968-இல் நின்றது. கிரிக்கெட் வீரர் பட்டோடி ஆசிரியராக இருந்த கொல்கத்தாவின் ஸ்போர்ட்ஸ்வேர்ல்டும் இப்போது இல்லை. 1978-இல் வார இதழாகத் தொடங்கிய ஸ்போர்ட்ஸ்டார் இன்று மாதம் இருமுறை வருகிறது. அது தாக்குப்பிடிப்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஸ்கோர் போனிலேயே வந்துவிடுகிறது. பிறகு பத்திரிகையில் பக்கம் எதற்கு?

ஸ்கோருக்காக என்றால் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஐ.பி.எல். ஆட்டம் முடிய இரவு பதினொன்றரை. வெளியூர்ப் பதிப்பு அதற்குள் வண்டி ஏறியிருக்கும். காலையில் டீக்கடையில் அந்தச் செய்தியைத் தேடுகிறவர் யாரும் இல்லை.

ஆனால் கடலூரில் ஒரு கதை நடந்தது. 2004 சுனாமி நம் கரையைச் சூறையாடிய பிறகு, காப்பகத்தில் வளர்ந்த சிறுமிகள் சிலருக்கு ஒரு பயிற்சியாளர் கால்பந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அந்தத் தொடக்கம் வளர்ந்து இந்திரா காந்தி விளையாட்டுக் கல்வி அகாடமியானது. அணி இந்திய மகளிர் லீக் வரை போய் ஆடியது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தேசிய மகளிர் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரணி மணிப்பூர். பல வருடமாகக் கோப்பையைச் சொந்த வீட்டுப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தவர்கள். தமிழ்நாடு 2-1 என்று ஜெயித்தது, முதல் முறையாக. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் அதே 2-1 கணக்கில் வென்று மறுபடி கோப்பை வந்தது. கடலூர் இந்துமதி கதிரேசனும் பண்ருட்டி சந்தியா ரங்கநாதனும் இந்தியாவுக்கே ஆடினார்கள்.

இப்போது யோசியுங்கள். கோப்பை வந்த அன்று எல்லாரும் எழுதுவார்கள். அதற்கு முந்தைய பத்து வருடம்? காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் பனி இறங்கியிருக்கும். ஷூ இல்லாமல் பாதிப் பேர் ஓடுவார்கள். வலை கிழிந்த கோல் கம்பம். பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்தபடியே யாருக்கோ போன் போட்டு வாழைப்பழத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வருடங்களில் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி வந்தால் அதைக் காட்டித்தான் ஊரில் யாரிடமாவது பந்து வாங்க முடியும். 'பொண்ணு எதுக்கு அரை டிராயர் போட்டு ஓடுது' என்று கேட்ட பெரியப்பாவின் வாயை அந்த நான்கு வரி அடைக்கும். ஸ்கோர் சொல்கிற செயலிக்கு இந்தப் பிள்ளைகள் இருப்பதே தெரியாது. நேரில் போய் நிற்கிற ஒரு ஆளுக்குத்தான் தெரியும். விளையாட்டுப் பிரிவை மூடுவது என்றால் அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வது.

முதலாளியிடம் ஒரு விளையாட்டு அணியும் இருந்தால் என்ன கெட்டுப்போகும்?

எல்லா நேரமும் கெடாது. அதையும் சொல்ல வேண்டும்.

பாஸ்டன் குளோப் நாளிதழை ஜான் ஹென்றி 2013-இல் 7 கோடி டாலருக்கு வாங்கினார். அவர் அந்த ஊர் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் முதலாளி. இன்றும் அந்தப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கங்கள் வலுவாக இருக்கின்றன. அணியைப் பற்றிய செய்தியில் 'எங்கள் முதலாளியின் அணி இது' என்று குறிப்பிடுகிற வழக்கமும் இருக்கிறது. வாசகருக்கு அந்த ஒரு வரி போதும், மீதியை அவரே எடைபோட்டுக்கொள்வார்.

நம் பக்கம் வருவோம். ஹைதராபாத்தின் ஐ.பி.எல். அணியான டெக்கான் சார்ஜர்ஸை 2008-இல் 10.7 கோடி டாலருக்கு எடுத்தது ஒரு பத்திரிகைக் கம்பெனிதான்: டெக்கான் கிரானிக்கிள். அணி 2009-இல் கோப்பையும் வென்றது. 2012-இல் கடன் சுமையில் அணியும் போனது, கம்பெனியும் ஆட்டம் கண்டது. அணிதான் பத்திரிகையைக் கவிழ்த்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால் அச்சு மையில் சம்பாதித்ததைக் கொண்டுபோய் ஏலத்தில் வைக்கிற முதலாளிக்குக் கீழே வேலை பார்க்கும் நிருபரின் மாதச் சம்பளம் எந்த நூலில் தொங்குகிறது என்பதை அந்த வருடங்கள் காட்டின.

அதன் பிறகு ஹைதராபாத்துக்கான புது அணியைச் சன் குழுமம் எடுத்து சன்ரைசர்ஸ் என்று பெயர் வைத்தது. தினகரன் நாளிதழும் 2005 முதல் அதே குடும்பத்துடையது. ரிலையன்ஸ் 2008-இல் மும்பை இந்தியன்ஸ் அணியை வாங்கியது. 2014-இல் நெட்வொர்க்18 செய்தி நிறுவனம் அவர்கள் கைக்கு வந்தது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். இணைய ஒளிபரப்பை அவர்களின் வயாகாம்18, 23,758 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழிலோடு இணைந்த பிறகு தொலைக்காட்சி உரிமையும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டது. அணி, ஆட்டத்தைக் காட்டுகிற திரை, ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற செய்திச் சேனல், மூன்றும் ஒரே வீடு. இதில் சட்டவிரோதம் ஏதும் இல்லை. நான் கேட்பது இதுதான்: ஒளிபரப்புக்கு அத்தனை ஆயிரம் கோடி கொடுத்த வீட்டில், 'ஆட்டங்கள் மிக அதிகம், வீரர்கள் சோர்ந்துபோகிறார்கள்' என்று தொடர்கட்டுரை எழுத எந்த நிருபருக்குத் துணிச்சல் வரும்?

பத்திரிகை முதலாளி விளையாட்டுக்குள் இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன் 1987 முதல் 1996 வரை இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகவே இருந்தவர்; கைப்பந்துக்கு அவர் செலவிட்டதை நம் கரையோரக் கிராமங்களில் இன்னும் நன்றியோடு பேசுகிறார்கள். முதலாளிக்கு விளையாட்டில் ஆசை இருந்தால் பக்கம் வாழும் என்பதற்கு அந்தக் காலம் ஒரு சாட்சி. சங்கத்தின் தலைவரும் பத்திரிகையின் தலைவரும் ஒருவரே என்றால் அந்தச் சங்கத்தைப் பற்றிய குறையை எங்கே போய் எழுதுவது என்ற கேள்வி அப்போதும் இருந்தது. யாரும் அதை உரக்கக் கேட்கவில்லை.

'இதை எழுதாதே' என்று நிஜமாகவே மேலிருந்து சொல்வார்களா?

முதலாளி ஒரு நாளும் எனக்கு போன் பண்ணியதில்லை. அவர் முகத்தை நான் நேரில் பார்த்ததும் இல்லை. அது நடக்கிற விதமே வேறு.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு பெரிய விளம்பரதாரர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் நடத்தினார். மே மாதம், காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள். தண்ணீர் போதவில்லை. மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், ஒருவனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பரிசளிப்பையும் எழுதினேன், அதையும் எழுதினேன். சாயங்காலம் டெஸ்க்கிலிருந்து தம்பி ஒருவன் கூப்பிட்டான். 'அண்ணே, அந்தக் கடைசி ரெண்டு பத்தியை எடுத்துட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க.' யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டேன். 'யாரும் சொல்லலண்ணே' என்றான். அவன் சொன்னது உண்மை. யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. அடுத்த வருடமும் அதே பந்தயம், அதே வெயில். அந்த வருடம் அந்த இரண்டு பத்தியை நான் எழுதவே இல்லை.

கடலூர், பாண்டி பக்கங்களில் இப்போது நிலைமை எப்படி?

பெரிய தமிழ் நாளிதழ்கள் பலவற்றுக்கும் இந்தப் பக்கம் தனிப் பதிப்போ தனிப் பக்கங்களோ இருக்கின்றன. விளையாட்டுக்கென்று ஒரு முழுப் பக்கமும் வரும். ஆனால் அதில் இருப்பது மெல்போர்னும் லண்டனும் மும்பையும். ஏஜென்சி அனுப்பியதைத் தமிழ்ப்படுத்திப் போட்டது. மாவட்ட அளவிலான வாலிபால் இறுதிப்போட்டிக்கு உள்ளூர்ப் பக்கத்தில், குடிநீர்க் குழாய் உடைப்புக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் நடுவே இடம் கிடைத்தால் உண்டு.

அதை எழுதுகிறவர் பெரும்பாலும் பகுதி நேர நிருபர். மாதம் ஒரு சிறு தொகை, வந்த செய்தியின் அளவுக்குக் கொஞ்சம் காசு. பெட்ரோலுக்கே சரியாகிவிடும். திருவிழா மலருக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் விளம்பரம் பிடித்துத் தருவதும் அவர்தான். காலையில் யாரிடம் விளம்பரம் கேட்டாரோ அவர்தான் மாலையில் கபடிப் போட்டிக்குத் தலைமை. அந்தப் போட்டியில் நடுவர் தவறு செய்தார் என்று எழுத இரும்பு மனம் வேண்டும்.

கொரோனா வந்த 2020-இல் மைதானங்கள் பூட்டப்பட்டன, பக்கங்கள் குறைந்தன. மைதானங்கள் திறந்தன. பக்கங்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

பாண்டிச்சேரி கிரிக்கெட் பற்றி டெல்லிப் பத்திரிகைதானே எழுதியது? நீங்கள் ஏன் எழுதவில்லை?

நியாயமான கேள்வி. வலிக்கிற கேள்வியும்கூட.

புதுச்சேரி 2018-19 பருவத்தில்தான் ரஞ்சிக் கோப்பைக்குள் வந்தது. அந்த வருடம் சேர்ந்த ஒன்பது புது அணிகளில் ஒன்று. இனி நம் பிள்ளைகளும் முதல்தர ஆட்டம் ஆடுவார்கள் என்று முத்தியால்பேட்டையிலும் வில்லியனூரிலும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அணிப் பட்டியலில் வெளியூர்ப் பெயர்களே அதிகம் என்ற புலம்பல் முதல் வருடமே தொடங்கிவிட்டது. 2025 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் இதைத் தோண்டி எழுதியது. வெளிமாநில வீரர்கள் பாண்டி முகவரி காட்டும் ஆவணங்களோடு உள்ளூர்க்காரர்களாக அணிக்குள் வருகிறார்கள் என்பது அந்தச் செய்தியின் சாரம். சரி தவறை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும்.

என் கவலை வேறு. அந்தப் புலம்பலை நாங்கள் எல்லாருமே மைதான ஓரத்தில் கேட்டிருக்கிறோம். ஒரு ஆவணத்தைச் சரிபார்க்க ஒரு நாள் ஆகும். நூறு ஆவணத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாளும் வேறு செய்தி கேட்காமல் சம்பளம் தரவும், வழக்கு வந்தால் வக்கீல் வைக்கவும் பின்னால் ஒரு பத்திரிகை நிற்க வேண்டும். எக்ஸ்பிரஸில் விளையாட்டுக்கென்று தனிக் குழு இன்னும் இருக்கிறது. 2023-இல் மல்யுத்த வீராங்கனைகளின் புகாரை விடாமல் பின்தொடர்ந்ததும் அவர்கள்தான். பெரிய பிரிவு இருந்தால்தான் பெரிய கேள்வி கேட்க முடியும். உப்பளத்தில் தனியாக நிற்கிற ஆளுக்கு, பகைத்துக்கொண்டால் அடுத்த போட்டிக்கு அழைப்பே வராது.

யூடியூப், இன்ஸ்டாகிராம் இருக்கிறதே?

இருக்கிறது, நானும் பார்க்கிறேன். உள்ளூர் கிரிக்கெட்டை நேரலையில் காட்டுகிற இளைஞர்கள் அருமையாகச் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பணம் கொடுப்பது போட்டியை நடத்துகிறவர். நடத்துகிறவரைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்ல முடியாது. இன்னொரு குறை: மூன்று வருடம் கழித்து அந்தப் பதிவு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. நூலகத்தில் பைண்டு செய்த பழைய பேப்பர் இருக்கும்.

அப்படியென்றால் நல்ல பணக்கார முதலாளி என்று ஒருவர் இருக்கவே முடியாதா?

முடியும். நல்லவர் என்று நான் சொல்வது, பத்திரிகையைத் தன் கையிலிருந்து விடுவிக்கிறவரை.

இங்கிலாந்தில் கார்டியன் பத்திரிகையை ஸ்காட் குடும்பம் 1936-இலேயே அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்தது. இன்றும் அங்கே வலுவான விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்பியா இன்கொயரரை வாங்கிய ஜெர்ரி லென்ஃபெஸ்ட் என்ற செல்வந்தர் 2016-இல் அதை லாப நோக்கமில்லாத அமைப்புக்கே கொடுத்துவிட்டார், செலவுக்குப் பணமும் சேர்த்து. சால்ட் லேக் ட்ரிப்யூன் 2019-இல் லாப நோக்கமற்ற நிறுவனமாகவே மாறியது. மூன்றிலும் செல்வந்தர் இருக்கிறார். ஆனால் அவருக்கோ அவர் வாரிசுக்கோ நாளை காலையில் மனம் மாறினாலும் பத்திரிகைக்குப் பாதிப்பு இல்லாதபடி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் ஊரில் பள்ளிக்கும் சத்திரத்துக்கும் கோயில் மண்டகப்படிக்கும் நிலம் எழுதி வைத்த குடும்பங்கள் எத்தனை! பத்திரிகைக்கு அப்படி எழுதி வைக்க யாருக்காவது தோன்ற வேண்டும்.

என் மகள் விளையாட்டு நிருபராக ஆசைப்படுகிறாள். விடலாமா?

விடுங்கள். ஆனால் கண்ணைத் திறந்து விடுங்கள். வெறும் விளையாட்டு ஆர்வம் போதாது என்று சொல்லுங்கள். வரவுசெலவுக் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடத் தெரிய வேண்டும், சங்கத் தேர்தல் விதிகள் தெரிய வேண்டும். தமிழ் பிழையில்லாமல் வர வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். முதல் ஐந்து வருடம் சம்பளம் குறைவு. வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை என்றால் தாக்குப்பிடிப்பாள். ஆண்கள் மட்டுமே நிற்கிற மைதான ஓரங்களில் ஒரு பெண் நிருபர் நிற்கிறாள் என்றால் விளையாடுகிற பெண் பிள்ளைகள் அவளிடம் சொல்கிற விஷயங்களே வேறாக இருக்கும். எங்களிடம் பதினெட்டு வருடத்தில் சொல்லாததை அவளிடம் ஒரு வாரத்தில் சொல்வார்கள்.

வாசகராக நான் என்ன செய்ய முடியும்?

காசு கொடுத்துப் படியுங்கள். உள்ளூர் விளையாட்டுச் செய்தி வந்தால் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அந்தக் கடிதத்தைக் காட்டி நிருபர் அடுத்த முறை இடம் கேட்பார். செய்தியில் தவறு இருந்தாலும் எழுதுங்கள்.

எங்கள் கிளப் போட்டி நடத்துகிறது. செய்தி வர எப்படி அனுப்ப வேண்டும்?

மாலை ஐந்து மணிக்குள் அனுப்புங்கள். இறுதிப்போட்டி இரவு என்றால் முதல் நாளே நிருபரிடம் சொல்லி வையுங்கள். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் பட்டியல் கடைசியில் இருக்கட்டும். முதலில் ஆட்டம்: யார் யாரோடு மோதினார்கள், எந்த மைதானம், என்ன கணக்கு, எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது. ஜெயித்த அணி மட்டுமின்றித் தோற்ற அணியில் நன்றாக ஆடியவர் பெயரும் வேண்டும்.

பெயர்களை இனிஷியலோடு, பள்ளிச் சான்றிதழில் இருக்கிறபடி எழுதுங்கள். கிராமத்தின் பெயரையும் சேருங்கள். ஒருமுறை நான் ஒரு பிள்ளையின் இனிஷியலைத் தவறாகப் போட்டுவிட்டேன். மறுநாள் அவளுடைய அப்பா தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு, மடித்த பேப்பரோடு வந்தார். கோபப்படவில்லை. 'சார், இது என் பொண்ணுதான்னு சொன்னா யாரும் நம்பமாட்டேங்கிறாங்க' என்றார். திருத்தம் போட நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவர் காலையில் பேப்பர் கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார்.

படம் அனுப்பினால் நிற்கிறவர்கள் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். இரவு ஒன்பது மணிவரை போனை எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணைக் கீழே குறியுங்கள்.